பந்தியில் விடுபட்டவர்கள்: கிறிஸ்தவ அறப்பணிகள் ஏழைகளுக்கு உதவும் விதம்

எருசலேமில் முதல் கிறிஸ்தவர்கள் நடத்திய உதவிப் பணியைப் பற்றி நமக்குக் கிடைக்கும் பழைய செய்திகளில் ஒன்று, அது ஒழுங்காக நடக்கவில்லை என்ற முறையீடு. அன்றாட உணவுப் பகிர்வில் கிரேக்க மொழி பேசும் கைம்பெண்கள் விடுபட்டுப் போகிறார்கள் என்று அவர்களைச் சேர்ந்தவர்கள் முறுமுறுத்ததாக அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரம் கூறுகிறது. தலைவர்கள் அந்த முறுமுறுப்பை அடக்கவில்லை. பந்தியைக் கவனித்துக்கொள்ள ஏழு பேரைத் தெரிந்துகொள்ளும்படி சபையாரிடமே சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா என்று தெரிந்துகொள்ளப்பட்ட ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். விடுபட்டவர்களின் மொழியைப் பேசியவர்கள் கையிலேயே பங்கிடும் பொறுப்பு கொடுக்கப்பட்டது என்று விவிலிய அறிஞர்கள் பலர் இதை விளக்குகிறார்கள்.

கிறிஸ்தவ அறப்பணிகளின் நீண்ட வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்தச் சிறு நிகழ்ச்சியைவிட நல்ல நுழைவாயில் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. இரக்கம் எத்தனை பெரிதாக இருந்தாலும், யார் பங்கிடுகிறார்கள், யாருக்குக் கணக்குச் சொல்கிறார்கள், பெறுகிறவர் வாய் திறந்து குறை சொன்னால் என்ன நடக்கிறது என்பவையே அந்த இரக்கத்தின் பலனைத் தீர்மானித்திருக்கின்றன. இந்தப் பணிகள் சிறந்து விளங்கிய இடங்களையும் பெருந்தவறு இழைத்த இடங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இரண்டையும் பிரிக்கும் கோடு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் செல்கிறது.

இரண்டு வெள்ளிக்காசுகளின் கணக்கு

கிறிஸ்தவ அமைப்புகள் தங்கள் பணிக்கு ஆதாரமாகக் காட்டும் வசனங்கள் பல. பசியாயிருந்தவருக்கு உணவும், அந்நியருக்குத் தங்குமிடமும், ஆடையில்லாதவருக்கு உடையும் கொடுத்தவர்கள் அதைத் தமக்கே செய்தார்கள் என்று இயேசு கூறும் மத்தேயு 25ஆம் அதிகாரம் அவற்றில் முதன்மையானது. அந்தப் பட்டியலில் நோயாளிகளும் சிறைப்பட்டவர்களும் இருப்பதால்தான் மருத்துவமனைப் பணியும் சிறைச் சந்திப்பும் தொடக்க நூற்றாண்டுகளிலிருந்தே திருச்சபையின் இயல்பான கடமைகளாகக் கருதப்பட்டன.

ஆனால் நடைமுறை அளவில் அதிகம் கற்றுத்தருவது லூக்காவில் வரும் நல்ல சமாரியன் உவமைதான். வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு மனதுருகியதோடு அந்தப் பயணி நிற்கவில்லை. காயங்களைக் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரத்தில் சேர்த்தான், மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசுகளைக் கொடுத்தான், அதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொன்னான். முதலுதவி, போக்குவரத்து, தங்குமிடம், முன்பணம், தொடர்ந்து கவனிப்பதற்கான வாக்குறுதி என ஒரு நிவாரணத் திட்டத்தின் உறுப்புகள் எல்லாம் அந்தச் சில வரிகளில் அடங்கியிருக்கின்றன.

பவுல் எருசலேமின் ஏழைகளுக்காகப் பல சபைகளில் தர்மப்பணம் சேகரித்தபோது, அதைத் தாமே தனியாகக் கொண்டுபோக விரும்பவில்லை. இந்தப் பெருந்தொகையைக் கையாளுவதில் ஒருவரும் எங்களைக் குற்றப்படுத்த இடம் இருக்கக்கூடாது என்ற கருத்தில், சபைகள் நியமித்த ஆட்கள் உடன் வருவதாக அவர் கொரிந்தியருக்கு எழுதினார். கணக்கைப் பலர் முன் வைக்கும் இந்தப் பழக்கம் ஆரம்பத்திலேயே இருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் ரோம் நகரச் சபை 1,500க்கும் மேற்பட்ட கைம்பெண்களையும் துன்பப்படுவோரையும் ஆதரித்து வந்ததாக அந்நகர ஆயர் கொர்னேலியு எழுதிய கடிதம் தெரிவிக்கிறது. அடுத்த நூற்றாண்டில், பழைய ரோமானிய வழிபாட்டை மீட்க விரும்பிய பேரரசர் ஜூலியனின் பெயரில் உள்ள ஒரு கடிதம், கிறிஸ்தவர்கள் தங்கள் ஏழைகளோடு நம்முடைய ஏழைகளையும் சேர்த்து ஆதரிக்கிறார்களே என்று வருந்தி, தம் குருக்களும் நகரந்தோறும் விடுதிகள் அமைக்க வேண்டும் என்று கட்டளையிடுகிறது. எதிர்த்தரப்பிலிருந்து வந்த சான்று என்பதால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. ஏறக்குறைய அதே காலத்தில் கப்பதோக்கியாவின் செசரேயாவில் கடும் பஞ்சத்தைக் கண்ட ஆயர் பேசில், நகருக்கு வெளியே ஏழைகளுக்கும் பயணிகளுக்கும் தொழுநோயாளிகளுக்கும் ஒரு பெரும் வளாகத்தை எழுப்பினார். அவருடைய நண்பர் நசியான்சுவின் கிரகோரி அதைப் புதிய நகரம் என்றே அழைத்தார். மருத்துவமனை என்று நாம் இன்று அறியும் அமைப்பின் தொடக்கங்களில் ஒன்றாக வரலாற்றாசிரியர்கள் அதைக் குறிப்பிடுகிறார்கள்.

இரக்கத்துக்கு ஓர் ஒழுங்கு

இடைக்காலத்து மடங்களும் ஊர்ச் சங்கங்களும் செய்தவற்றை இங்கே விரிக்கத் தேவையில்லை. வறியவர்கள் கந்துவட்டியில் சிக்காதிருக்கக் குறைந்த வட்டியில் அடகுக் கடன் தருவதற்காகப் பிரான்சிஸ்கன் துறவிகளின் முயற்சியால் 1462இல் இத்தாலியின் பெருஜியாவில் தொடங்கப்பட்ட நிதியத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். பிச்சையைவிட நியாயமான கடன் சில வேளைகளில் பெரிய உதவி என்ற அறிவு அன்றே இருந்தது.

திருப்புமுனை என்று சொல்லத்தக்கது 1617இல் பிரான்சின் சத்தியோன் என்ற சிற்றூரில் நிகழ்ந்தது. ஒரு வீட்டில் எல்லோரும் நோயுற்றுக் கிடக்கிறார்கள், கவனிக்க ஆளில்லை என்ற செய்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை பங்குக்குரு வின்சென்ட் தே பவுலை எட்டியது. அவர் மறையுரையில் அதைச் சொன்னார். பிற்பகல் அந்த வீட்டை நோக்கி அவர் நடந்தபோது, வழியெல்லாம் உணவோடு போகிறவர்களும் கொடுத்துவிட்டுத் திரும்புகிறவர்களுமாக ஊரே திரண்டிருந்தது. அந்தக் காட்சி அவருக்கு மகிழ்ச்சியைவிடக் கவலையையே தந்தது. இன்று குவியும் உணவு கெட்டுப்போகும், நாளைக்கு அந்தக் குடும்பம் மீண்டும் பட்டினி கிடக்கும் என்பதை அவர் கண்டார். அன்பு நிறைய இருக்கிறது, ஒழுங்குதான் இல்லை என்ற முடிவுக்கு வந்து, சில நாட்களிலேயே ஊர்ப் பெண்களைக் கொண்டு முறைவைத்து உதவும் ஒரு சங்கத்தை அமைத்தார்.

அந்தச் சங்கத்துக்கு அவர் எழுதிய விதிகள் இன்றும் படிக்கத்தக்கவை. உணவை எப்படி எடுத்துச்செல்வது, நோயாளியை எப்படி அன்போடு உண்ணச் செய்வது என்பவற்றை விவரிக்கும் அவ்விதிகள், துணைக்கு ஆள் இருக்கும் நோயாளிகளிடம் முதலில் சென்று, தனியாக இருப்பவர்களிடம் கடைசியாகச் செல்ல வேண்டும் என்கின்றன. காரணம் எளியது: கடைசியாகப் போனால் அவர்களோடு அதிக நேரம் இருக்கலாம். வறுமையில் பசியும் தனிமையும் சேர்ந்தே இருக்கின்றன என்பதை அறிந்த ஒருவரால்தான் இப்படி ஒரு விதியை எழுத முடியும்.

1633இல் அவரும் லூயிஸ் தே மரியாக்கும் தொடங்கிய பிறரன்புப் புதல்வியர் சபை, துறவியர் மடத்துச் சுவர்களுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்ற அக்கால வழக்கத்தை விட்டு, நகரத் தெருக்களிலும் நோயாளிகளின் வீடுகளிலும் வாழ்ந்தது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் பிந்தி ஜெர்மனியின் ஹாலேயில் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே அனாதைச் சிறுவர்களுக்காக இல்லமும் பள்ளிகளும் தொடங்கினார். 1836இல் கைசர்ஸ்வெர்த்தில் தியடோர் பிளிட்னர் நிறுவிய சகோதரிகள் இல்லம் பெண்களுக்கு முறையான செவிலியர் பயிற்சி அளித்தது. 1851இல் அங்கே பயிற்சி பெற்றவர்களில் பிளாரன்ஸ் நைட்டிங்கேலும் ஒருவர்.

வீட்டுக்குச் செல்வது என்ற வின்சென்டின் முறையைத் தொழிற்புரட்சிக் காலத்து நகரங்களுக்குக் கொண்டுவந்தவர் பிரெடெரிக் ஓசனாம். 1833இல் பாரிசில் இருபது வயது மாணவராக இருந்த அவர், சில நண்பர்களோடு சேர்ந்து வின்சென்ட் தே பவுல் சங்கத்தைத் தொடங்கினார். உறுப்பினர்கள் ஏழைக் குடும்பங்களை அவரவர் வீட்டிலேயே சென்று காண வேண்டும் என்பது அதன் அடிப்படை முறை. அலுவலகத்தின் மேசைக்கு அப்பால் நின்று மனுக் கொடுக்கும் ஒருவர் தன் வறுமையை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. தன் வீட்டில் விருந்தினரை உட்காரச் சொல்லும் ஒருவர் தன் வாழ்க்கையைப் பற்றிப் பேசுகிறார். இந்த வேறுபாடு சிறிதல்ல.

இரட்சணிய சேனையின் நிறுவனர் வில்லியம் பூத் வேறொரு வழியைக் காட்டினார். அக்காலத் தீக்குச்சித் தொழிற்சாலைகளில் பயன்பட்ட வெள்ளைப் பாஸ்பரஸ் தொழிலாளர்களின் தாடை எலும்பை அரித்தது. 1891இல் கிழக்கு லண்டனில் சேனையே ஒரு தொழிற்சாலையைத் திறந்து, தீங்கற்ற சிவப்புப் பாஸ்பரசைப் பயன்படுத்தி, மற்றவர்களைவிடக் கூடுதல் கூலியும் கொடுத்தது. சில ஆண்டுகளே அது நடந்தது. ஆனாலும் பாதுகாப்பாகத் தீக்குச்சி செய்ய முடியும் என்பதைக் காட்டிய அந்த முயற்சி, வெள்ளைப் பாஸ்பரசை ஒழிக்க வேண்டும் என்ற குரலுக்கு வலுச்சேர்த்தது. 1908இல் பிரிட்டன் அதைச் சட்டத்தால் தடைசெய்தது. நோயுற்ற தொழிலாளிக்கு மருந்து கொடுப்பதும், நோயைத் தரும் தொழிலை மாற்றுவதும் ஒரே பணியின் இரு பகுதிகள் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்வது கடினம்.

இன்றைய அமைப்புகளும் அவற்றின் பணமும்

இன்று இந்தப் பணிகள் பல அடுக்குகளில் நடக்கின்றன. அடியில் இருப்பது உள்ளூர்ச் சபை அல்லது பங்கு. காணிக்கையிலிருந்து மருத்துவச் செலவுக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் கொடுக்கும் இந்த உதவி எந்தப் புள்ளிவிவரத்திலும் முழுமையாக ஏறுவதில்லை. அதற்கு மேல் நாட்டளவிலான அமைப்புகள். அவற்றுக்கும் மேல் உலகளாவிய கூட்டமைப்புகள். ஜெர்மனியில் 1897இல் லோரென்ஸ் வெர்த்மன் தொடங்கிய கத்தோலிக்க அறப்பணி அமைப்பான கரித்தாஸ், பின்னர் பல நாடுகளில் பரவி, 1951இல் கரித்தாஸ் இன்டர்நேஷனாலிஸ் என்ற கூட்டமைப்பாக உருவெடுத்தது. இன்று 160க்கும் மேற்பட்ட உறுப்பு அமைப்புகள் அதில் உள்ளன. இரண்டாம் உலகப்போரின் அழிவிலிருந்து எழுந்தவை பல. கத்தோலிக்க நிவாரணச் சேவை 1943இலும், கிறிஸ்டியன் எய்டின் முன்னோடி 1945இலும், லூத்தரன் உலகச் சம்மேளனம் 1947இலும் தோன்றின. வேர்ல்ட் விஷன் 1950இல் தொடங்கியது. இரு உலகப்போர்களிலும் செய்த நிவாரணப் பணிக்காக, போரை ஏற்காத கிறிஸ்தவப் பிரிவான குவேக்கர்களின் அமைப்புகள் இரண்டுக்கு 1947ஆம் ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பெரிய கூட்டமைப்புகளுக்கு உள்ள உண்மையான வலிமை அவற்றின் தலைமையகங்களில் இல்லை. நிலநடுக்கமோ போரோ வருவதற்கு முன்பே அந்த ஊரில் ஒரு பங்கும், அதன் குருவும், ஊராரை வீடுவீடாக அறிந்த பெண்களும் இருக்கிறார்கள். செய்தியாளர்களும் வெளிநாட்டு ஊர்திகளும் திரும்பிப் போன பின்னும் அவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். எந்த வீட்டில் படுக்கையில் கிடக்கும் முதியவர் இருக்கிறார் என்பது வெளியிலிருந்து வரும் எந்தக் கணக்கெடுப்புக்கும் முன்பே அவர்களுக்குத் தெரியும். அதே நெருக்கத்துக்கு ஓர் ஆபத்தும் உண்டு: தெரிந்தவர்களுக்கு முதலில் கொடுத்துவிட்டு, தெரியாதவர்களை மறந்துவிடுவது. எருசலேமில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் விடுபட்டது இப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

பணம் வரும் வழிகளும் பலவகை. ஞாயிறு காணிக்கை, தவக்காலச் சேகரிப்பு, உயில் கொடை, மாதந்தோறும் ஒரு குழந்தைக்காக அனுப்பப்படும் தொகை ஆகியவை நாம் அறிந்தவை. இவற்றைவிடப் பல அமைப்புகளின் வரவுசெலவில் பெரிய இடம் பிடிப்பது அரசுப் பணம். ஜெர்மனியில் கரித்தாசும் சீர்திருத்தச் சபைகளின் டியாக்கோனியும் பல லட்சம் பேருக்கு வேலை தருகின்றன. மருத்துவமனைகளையும் முதியோர் இல்லங்களையும் நடத்த அவற்றுக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி சமூகக் காப்பீட்டிலிருந்தும் அரசிடமிருந்தும் வருகிறது. கானாவிலும் மலாவியிலும் தொலைதூரக் கிராமங்களில் உள்ள மிஷன் மருத்துவமனைகளைத் திருச்சபைகள் நடத்த, அவற்றின் ஊழியர்களுக்கு அரசு சம்பளம் தருகிறது. இந்த ஏற்பாடு இல்லையென்றால் அந்தக் கிராமங்கள் பலவற்றில் மருத்துவரே இருக்கமாட்டார். ஆனால் இப்படிச் சார்ந்திருப்பதன் விலையும் பெரிது. 2025இல் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவியைத் திடீரென வெட்டியபோது, அதைப் பெருமளவு நம்பியிருந்த கத்தோலிக்க நிவாரணச் சேவை ஊழியர்களைக் குறைக்கவும் திட்டங்களை நிறுத்தவும் நேர்ந்தது.

குழந்தை ஆதரவுத் திட்டங்களைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. ஒரு புகைப்படத்தில் உள்ள குழந்தைக்கு நேரே பணம் போகிறது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. சில அமைப்புகள் பணத்தை ஒன்றுசேர்த்து, குடிநீர், பள்ளி, வாழ்வாதாரம் என்று ஊர் முழுவதற்கும் செலவிடுகின்றன. வேறு சில, உள்ளூர்ச் சபை வழியாக அந்தக் குழந்தையின் படிப்பு, உடல்நலம் ஆகியவற்றிலேயே கவனம் செலுத்துகின்றன. இரண்டாம் வகையைச் சேர்ந்த கம்பேஷன் அமைப்பின் பணியைப் பற்றி 6 நாடுகளில் 10,000க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைக் கொண்டு பொருளியலாளர்கள் செய்த ஆய்வு ஒன்று 2013இல் வெளியானது. ஆதரவு பெற்ற குழந்தைகள், பெறாதவர்களைவிடச் சராசரியாக ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கூடுதலாகப் பள்ளியில் படித்திருந்தார்கள். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கு ஓராண்டுப் படிப்பு என்பது எவ்வளவு என்று, அதை இழந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

பசித்தவருக்குப் பாத்திரம் நீட்டுவதும் பசுவைக் கொடுப்பதும்

அவசரக் காலத்தில் உடனே கொடுக்கத்தான் வேண்டும். 1968 முதல் 1970 வரை, உள்நாட்டுப் போரில் நைஜீரியாவின் பியாஃப்ராப் பகுதி முற்றுகையில் சிக்கிக் குழந்தைகள் பட்டினியால் மடிந்தபோது, கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் இணைந்து சாவோ டோமே தீவிலிருந்து இரவு நேரங்களில் 5,000க்கும் மேற்பட்ட விமானப் பயணங்களை நடத்தினார்கள். விளக்குகள் அணைக்கப்பட்ட ஊலி ஓடுதளத்தில் இறங்கிய அந்த விமானங்கள் ஏறத்தாழ 60,000 டன் உணவும் மருந்தும் கொண்டுசேர்த்தன. அப்பணியில் விமானிகள் சிலர் உயிரிழந்தார்கள். அந்த உதவி போரை நீட்டித்ததா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. எனினும், நிவாரணம் அரசியலின் விளைவுகளிலிருந்து தனித்து நிற்க முடியாது என்பதைப் பியாஃப்ரா எல்லா அமைப்புகளுக்கும் கற்றுக்கொடுத்தது.

அவசரம் தீர்ந்த பின்னும் அதே முறையில் கொடுத்துக்கொண்டிருப்பதுதான் சிக்கல். ஸ்பானிய உள்நாட்டுப் போரின்போது பிரெத்ரன் சபையைச் சேர்ந்த டான் வெஸ்ட் என்ற அமெரிக்க விவசாயி, வரிசையில் நின்ற குழந்தைகளுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். பால் எல்லோருக்கும் போதவில்லை. இவர்களுக்கு வேண்டியது ஒரு கோப்பைப் பால் அல்ல, ஒரு பசு என்ற எண்ணத்தோடு ஊர் திரும்பிய அவரது முயற்சியால், 1944இல் 17 கிடாரிகள் புவேர்ட்டோ ரிக்கோவுக்கு அனுப்பப்பட்டன. பசுவைப் பெறும் குடும்பம் அதன் முதல் கிடாரிக் கன்றை வேறொரு குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது அந்த முயற்சியான ஹைஃபர் திட்டத்தின் விதி. அந்த ஒரு விதியால், பெற்றவர் கொடுப்பவராகிறார்.

ஜெர்மானிய நகரத் தலைவராக இருந்த பிரீட்ரிக் வில்ஹெல்ம் ரைஃபைசனின் அனுபவம் இன்னும் ஆழமானது. ஆழ்ந்த கிறிஸ்தவப் பற்றுக் கொண்ட அவர், 1840களின் பஞ்சத்துக்குப் பின் வசதியானவர்களின் ஈகையை நம்பிச் சங்கங்கள் அமைத்தார். ஹெடஸ்டார்பில் 1854இல் தொடங்கிய அறச்சங்கத்தில் கொடுப்பவர்களின் ஊக்கம் சில ஆண்டுகளில் தளர்ந்தது. ஈகையை மட்டும் நம்பினால் நீடிக்காது என்று உணர்ந்து, 1864இல் அதைக் கடன் பெறுகிறவர்களே உறுப்பினர்களாகவும் பொறுப்பாளிகளாகவும் இருக்கும் கடன் சங்கமாக மாற்றினார். உலகெங்கும் கிராமக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு அதுவே முன்மாதிரிகளில் ஒன்றாயிற்று. ஏழைகளுக்கு வீடு கட்ட உதவுவதற்காக 1976இல் தொடங்கிய ஹாபிடாட் அமைப்பும் வட்டியில்லாக் கடனோடு, வீடு பெறுகிறவரின் உடலுழைப்பையும் கட்டுமானத்தில் சேர்த்துக்கொண்டது.

இந்த வழியில் மிகத் தொலைவு சென்றது மருத்துவப் பணிதான். பெரிய மிஷன் மருத்துவமனைகள் அரும்பணி செய்திருக்கின்றன. தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலியுணர்வு போய்விட்டதால் அறியாமல் ஏற்படும் காயங்களே அவற்றை அழிக்கின்றன என்பதை, வேலூரில் பணியாற்றிய பால் பிராண்ட் எடுத்துக்காட்டினார். செயலிழந்த கைகளைத் தசைநாண் அறுவைச் சிகிச்சையால் மீண்டும் இயங்கவைத்தார். ஆனால் மருத்துவமனைக்கு வந்துசேர முடியாதவர்களின் நிலை என்ன என்ற கேள்வி 1960களில் கூர்மையாயிற்று. உலகத் திருச்சபைகள் மன்றம் 1968இல் கிறிஸ்தவ மருத்துவ ஆணையத்தை அமைத்து, கட்டடங்களிலிருந்து கிராமங்களை நோக்கித் திரும்பும்படி வலியுறுத்தியது.

1970இல் மகாராஷ்டிரத்தின் ஜாம்கேடில் மேபல் அரோலே, ரஜனிகாந்த் அரோலே என்ற மருத்துவத் தம்பதியர் தொடங்கிய பணி அதன் சிறந்த எடுத்துக்காட்டு. வறட்சியான கிராமங்களில், ஊரார் தெரிந்தெடுத்த பெண்களுக்கு அவர்கள் பயிற்சி கொடுத்தார்கள். அப்பெண்களில் பலர் பள்ளிக்கே போகாதவர்கள், சாதியால் ஒதுக்கப்பட்டவர்கள். கருவுற்ற பெண்களைக் கவனிப்பதும், குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் கொடுப்பதும், குடிநீரைப் பற்றி ஊர்க்கூட்டத்தில் பேசுவதும் அவர்களின் பணியாயிற்று. மருத்துவரின் அறிவில் பெரும்பகுதியைப் பகிர்ந்துகொள்ள முடியும், பகிரும்போது அதைப் பெற்ற பெண்ணின் இடமே ஊரில் மாறிவிடுகிறது என்பதை ஜாம்கேட் நிறுவியது. 1978இல் கசகஸ்தானின் அல்மா அட்டாவில் நடந்த உலக மாநாட்டில் அறிவிக்கப்பட்ட ஆரம்பச் சுகாதாரக் கொள்கை உருவானதில் இத்தகைய அனுபவங்களுக்கும் அந்த ஆணையத்துக்கும் பங்குண்டு.

செல்வ நாடுகளின் பசி வேறு வகையான கேள்வியை எழுப்புகிறது. பல்கேரியாவின் வீடற்ற குழந்தைகளுக்கு உதவ 1997இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட டிரஸ்ஸல் அறக்கட்டளைக்கு, அது இயங்கிய சாலிஸ்பரி நகரிலேயே ஒரு தாய் தொலைபேசியில் அழைத்து, தன் பிள்ளைகள் இன்றிரவு பசியோடு தூங்கப்போகிறார்கள் என்றார். 2000இல் அங்கே முதல் உணவு வங்கி தொடங்கியது. மருத்துவர், பள்ளி, சமூகப் பணியாளர் போன்றோர் தரும் சீட்டைக் காட்டிச் சில நாட்களுக்கான உணவைப் பெறலாம் என்ற இந்த முறை, பெரும்பாலும் தேவாலயங்களைக் களமாகக் கொண்டு நாடெங்கும் பரவியது. அதை நடத்துகிறவர்களே இன்று, உணவு வங்கியே தேவைப்படாத நிலைதான் தங்கள் நோக்கம் என்று சொல்லி, ஊதியத்தையும் அரசு உதவித்தொகையையும் பற்றிப் பேசுகிறார்கள். அவர்கள் பேசுவது சரி. பசியைத் தினமும் கண்ணால் காண்பவர் அதன் காரணத்தைப் பற்றி மௌனமாயிருந்தால் அது சாட்சியை மறைப்பதாகும்.

ஐம்பதாம் ஆண்டில் அடிமைப்பட்டவர்களை விடுவித்து, விற்ற நிலத்தை உரியவரிடமே திருப்பித் தரச் சொல்லும் லேவியராகமத்தின் யூபிலி ஆண்டை முன்னிறுத்தி எழுந்த யூபிலி 2000 இயக்கமும் இதையே செய்தது. 1998 மே 16 அன்று, செல்வ நாடுகளின் தலைவர்கள் பர்மிங்காமில் கூடியபோது, ஏறத்தாழ 70,000 பேர் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்று, ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்யக் கோரினார்கள். அடுத்த ஆண்டு கொலோன் மாநாட்டில் விரிவான கடன் குறைப்பு அறிவிக்கப்பட்டது.

கொடுக்கும் கையின் அதிகாரம்

உதவிக்குப் பின்னால் மதமாற்ற நோக்கம் இருக்கிறதா என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டு இந்தப் பணியை விளக்க முடியாது. வரலாற்றில் உணவும் பள்ளியிடமும் அவ்வாறு பயன்பட்ட காலங்கள் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இன்றைய பெரும் அமைப்புகள் ஏற்றுள்ள நெறி தெளிவானது. 1994இல் செஞ்சிலுவை இயக்கமும் அரசுசாரா அமைப்புகளும் வகுத்த நடத்தை நெறி, இனமோ மதமோ பாராமல் தேவையை மட்டும் பார்த்து உதவ வேண்டும், உதவியைக் குறிப்பிட்ட மதக் கருத்தை வளர்க்கப் பயன்படுத்தக்கூடாது என்கிறது. அதை முன்மொழிந்தவற்றுள் கரித்தாஸ், லூத்தரன் உலகச் சம்மேளனம், உலகத் திருச்சபைகள் மன்றம் ஆகியனவும் இருந்தன. அன்புப் பணியை மதமாற்றத்தின் கருவியாக்கக்கூடாது என்று திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2005ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் எழுதினார். இந்த நெறியைக் கடைப்பிடிக்காத சிறு குழுக்கள் இன்றும் உண்டு. அவர்களால் முதலில் பாதிக்கப்படுவது, மறுக்க வழியில்லாத நிலையில் கைநீட்டி நிற்கும் ஏழைதான்.

இதைவிடப் பெரிய காயங்கள், பராமரிப்பு என்ற பெயரில் மனிதரை அடைத்துவைத்த இடங்களில் ஏற்பட்டன. கனடாவில் அரசின் பணத்தில் திருச்சபைகள் நடத்திய உறைவிடப் பள்ளிகளில் ஏறத்தாழ 1,50,000 பூர்வகுடிக் குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரித்து வைக்கப்பட்டார்கள். தம் மொழியைப் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டார்கள். பலர் வீடு திரும்பவே இல்லை. அயர்லாந்தில் கன்னியர் சபைகள் நடத்திய மக்தலேனா சலவையகங்களில் பெண்கள் கூலியின்றி உழைக்க வைக்கப்பட்டார்கள். அவற்றில் கடைசியானது 1996இல்தான் மூடப்பட்டது. அரசு 2013இல் மன்னிப்புக் கேட்டது. பிரிட்டனின் இல்லங்களிலிருந்து கடல்கடந்து அனுப்பப்பட்ட குழந்தைகளில் சிலருக்கு, பெற்றோர் உயிரோடிருந்தும் இறந்துவிட்டார்கள் என்று சொல்லப்பட்டது. மனவளர்ச்சி குன்றியவர்களோடு சேர்ந்து வாழும் லார்ச் குடியிருப்புகளை 1964இல் தொடங்கி உலகப் புகழ்பெற்ற ஜான் வானியே, ஆன்மிக வழிகாட்டுதல் என்ற பெயரில் பெண்களைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தினார் என்பதை, அவர் இறந்த மறு ஆண்டான 2020இல் அந்த அமைப்பே வெளியிட்டது.

இவற்றில் ஈடுபட்டவர்கள் எல்லோரும் தீயவர்கள் என்று சொல்லிவிட்டால் காரணம் புலப்படாமல் போய்விடும். பலர் நன்மை செய்கிறோம் என்றே நம்பினார்கள். அந்தச் சுவர்களுக்குள் இருந்த குழந்தைக்கோ பெண்ணுக்கோ முறையிட ஒரு வாசல் இல்லை, முறையிட்டாலும் நம்ப ஆளில்லை. கொடுப்பவர் புனிதராகக் கருதப்படும் இடத்தில் பெறுபவரின் சொல் நன்றிகெட்ட சொல்லாகிவிடுகிறது. சாதாரண நிறுவனத்தைவிட மத அமைப்புகளுக்குக் கடுமையான மேற்பார்வை தேவை என்று நான் நினைப்பதற்குக் காரணம் இதுதான்.

மாற்றங்கள் நடந்துவருகின்றன. அனாதை இல்லங்களில் வாழும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடிருக்கிறார்கள், வறுமையே அவர்களை அங்கே சேர்த்தது என்பது உணரப்பட்டதால், இல்லங்களுக்குச் செலவிடுவதைக் குடும்பங்களுக்கே கொடுத்துக் குழந்தைகளை வீட்டில் வாழவைக்கும் பணியில் கிறிஸ்தவ அமைப்புகள் பல இறங்கியுள்ளன. சந்தை இயங்கும் இடங்களில் மூட்டைகளுக்குப் பதில் பணமாகவே கொடுப்பதும் பெருகியிருக்கிறது; தன் பிள்ளைக்கு முதலில் மருந்தா செருப்பா என்று தாயே முடிவு செய்யட்டும் என்பதே அதன் பொருள். மனிதநேயப் பணிகளுக்காக 2014இல் வகுக்கப்பட்ட பொதுத் தரநிலையில், குறைகள் வரவேற்கப்பட்டுத் தீர்க்கப்பட வேண்டும் என்பது ஒரு தனிக் கடமையாகவே எழுதப்பட்டுள்ளது.

அந்தக் கடமையை நிறைவேற்றுவது எவ்வளவு நுணுக்கமான வேலை என்பது முகாம்களில் பணிசெய்கிறவர்களுக்குத் தெரியும். ஒரு பெட்டியை மாட்டிவைத்தால் எழுதத் தெரிந்தவர்களே அதில் போடுவார்கள். தொலைபேசி எண் கொடுத்தால் தொலைபேசி வைத்திருக்கும் ஆண்களே அழைப்பார்கள். பங்கிடுகிறவரிடமே சென்று குறை சொல்லும்படி வைத்தால் நாளைய பங்கை இழக்க யாரும் துணியமாட்டார்கள். அதனால் பங்கிடும் வேலையில் சேராத, பெண்களின் குறையைக் கேட்கப் பெண்களாகவே உள்ள, அந்த மக்களின் மொழியைப் பேசக்கூடிய ஆட்களை வரிசையின் ஓரத்தில் தினமும் உட்காரவைக்க வேண்டியிருக்கிறது.